கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினொரு பக்கம். மீன்கொத்திகள் முடிந்தன. பறவைப் புத்தகத்தில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், முந்நூறு படம். எண்பத்திரண்டு வரை வந்திருக்கிறேன். முப்பத்தொன்றாம் தேதி அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பதினெட்டு வருடமாக வீட்டில் உட்கார்ந்து புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிறேன், எல்லாம் கறுப்பு வெள்ளை. முதல் தடவையாக ஒரு வண்ணப் புத்தகத்தை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார் பதிப்பாளர் அம்மா. ஒழுங்காக வந்தால் இதே வரிசையில் அடுத்த நான்கும் எனக்கு. சொதப்பினால் — வேண்டாம், எழுதி வைத்தால் நடந்துவிடும்.

எல்லாம் சரி, இந்தச் சத்தம்தான் தாங்க முடியவில்லை. இவருடைய தையல் கடை இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டுகிறார்கள் என்று மெஷினோடு வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. பின்னால் ஓர் அறை சும்மா கிடக்கிறது. இரண்டு ஜன்னல், நல்ல காற்று. அங்கே போடுங்கள் என்றேன். "இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்று என் அறையில், என் மேசைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். இந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதிலும் பாதியைப் பீரோ மறைக்கிறது. வெளிச்சமாம்!

கடை மெஷின் என்பதால் சுவிட்சைப் போட்டால் தைத்தாலும் தைக்காவிட்டாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு மாதமாக அதிலிருந்து ஒரு கொர்ர்ர். "மெஷினுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடுங்களேன்" என்றேன். "காலையிலதான் போட்டேன்." "இன்னொரு தடவை போடுங்க." மறுபேச்சில்லாமல் போட்டார். கொர்ர்ர் போகவில்லை.

மார்ச் 4, புதன்

மறுபடியும் எண்ணெய் போட்டாராம். போட்டாரோ, டப்பாவை மட்டும் காட்டினாரோ.

மார்ச் 6, வெள்ளி

இதை யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இருவரும் ஒன்பது மணிக்கு உட்காருவோம். அவர் வெளியே கிளம்பும் நேரம் பார்த்து நானும் சமையலுக்கு எழுந்துவிடுவேன். ஒரு வருடமாக இப்படித்தான். இன்று பொத்தான் வாங்க அவர் பாதியில் கிளம்பிப் போனார். நான் மரங்கொத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொர்ர்ர்.

மோட்டாரை அணைக்காமல் போயிருக்கிறார் பார், என்று கோபமாக எழுந்தேன். சுவிட்சு அணைந்திருந்தது. பிளக்கையே பிடுங்கி மேலே சுற்றி வைத்திருந்தார். மனுஷர் வேலையில் சுத்தம். அப்படியானால் இந்தக் கொர்ர்ர்?

மேசைக்கு அடியில் குனிந்து என் கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தேன்.

என்னுடையது. ஆறு மாதமாக என்னுடையது.

என்ன சொல்லித் திட்டவில்லை அவரை! சத்தம் அதிர்கிறது என்று நான் முனகியதற்காக, மெஷின் மேசையின் நாலு காலுக்கும் ரப்பர் வெட்டி ஒட்டினாரே. அந்த ரப்பரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பொத்தான் வாங்கி வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வந்தார். உட்கார்ந்தார். எண்ணெய் டப்பாவைத் தானாகவே எடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 7, சனி

நாளைக்கு என்று நேற்று எழுதியது இன்றுதான். இன்றும் சொல்லவில்லை. சொல்லும் நிலைமையில் நான் இல்லை.

பக்கம் நூற்றுப் பதினெட்டு. கறுப்பு மரங்கொத்தியை மரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். திரை பட்டென்று இருண்டது. ஒரு மணி நேர வேலை அப்படியே போச்சு.

"கரன்ட் போச்சு" என்று கத்தினேன்.

"என் மெஷின் ஓடுதே" என்றார் இவர், தலையைக்கூட நிமிர்த்தாமல். பிறகு எழுந்து வந்து பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்தார். சட்டென்று எடுத்தார். "இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுது. இதுல ஒரு காலர் தேய்க்கலாம்." அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

மார்ச் 9, திங்கள்

மூன்று தடவை அணைந்தது. மகளுக்குப் போன் போட்டேன். விடுதியில் தங்கிப் படிக்கிறவளுக்கு அம்மா போன் போட்டால் சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும் என்று எண்ணம். இன்று கம்ப்யூட்டர் என்றதும் குரலில் ஒரு மரியாதை வந்தது.

"அம்மா, கடைசியா எப்ப உள்ள தொறந்து சுத்தம் பண்ணீங்க?"

"உள்ளயா? தினமும் துடைக்கிறேனே."

"வெளிய துடைப்பீங்கம்மா. உள்ள. பக்கத்து மூடியைக் கழட்டி."

"கழட்டலாமா அதை?"

அவள் சிரித்த சிரிப்பில் அறையே அதிர்ந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், என் போதாத காலம். அவள் பத்தாவது படிக்கும்போது வாங்கியது, ஆறு வருடம் ஆகிறது, ஒரு தடவைகூடத் திறக்கவில்லை என்பது இவருக்கும் தெரிந்துபோயிற்று. "நான் என் மெஷினைத் தினமும் சாயங்காலம் ஊசித் தட்டைக் கழட்டி, பிரஷ் போட்டு, பஞ்சு எடுத்துட்டுத்தான் எழுந்திருப்பேன்" என்றார் பொதுவாக, சுவரைப் பார்த்து.

உள்ளே தூசி அடைந்தால் விசிறிக்குக் காற்று போகாதாம், சூடு ஏறுமாம், ஓர் அளவுக்கு மேல் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடுமாம். விசிறி உயிரைக் கொடுத்துச் சுற்றுவதால்தான் சத்தமாம். சத்தம் என்ற வார்த்தை வந்ததும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன். "நீங்களே பண்ணலாம்மா, ரெண்டே ஸ்க்ரூ" என்றாள். உள்ளே நூற்றிருபது பக்கப் பறவை இருக்கிறதே! "அப்ப வேலையை ஒரு காப்பி எடுத்து வைங்க முதல்ல. எடுத்திருக்கீங்கதானே?" மூன்று வாரத்துக்கு முன்னால் எடுத்தது. அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெற்றதற்குப் பலன்.

மாலையில் பதிப்பாளர் அம்மா கூப்பிட்டார். மறைக்காமல் சொன்னேன். "பேசாம ஆபீசுக்கே வந்திருங்க. ஒரு டேபிள் காலியா இருக்கு. மெஷினும் புதுசு. இது மட்டுமில்ல, இனிமே வர்ற எல்லாத்தையும் இங்கயே உக்காந்து பண்ணிடலாம். வீட்டுல இந்தத் தொல்லையெல்லாம் எதுக்கு?" பார்க்கிறேன் என்றேன்.

இவர் மெஷினில் கால் நின்றிருந்தது. "எவ்வளவு தூரம் அந்த ஆபீஸ்?"

"ரெண்டு பஸ் மாறணும்."

"ம்" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். வெளியே மட்டும் துடைத்தேன்.

மார்ச் 11, புதன்

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், தோளில் பெரிய பை, அதற்குள் ஊதுகிற மெஷின். நான் அவளை ஊதல்காரி என்றுதான் இங்கே எழுதப்போகிறேன். கெட்டிக்காரி.

பெட்டியைப் பால்கனிக்குத் தூக்கிப் போனாள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஒரு தடவை பவர் பொத்தானை அழுத்தினாள், உள்ளே மிச்சமிருக்கிற கரன்ட் போகட்டும் என்று. இரண்டு ஸ்க்ரூ. மூடியைப் பின்பக்கமாகத் தள்ளினாள். எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது தூசி இல்ல. பஞ்சு. வீட்டுல தலையணை தைக்கிறீங்களா?"

விசிறிக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டியை அப்படியே உரித்து எடுத்தாள். என் உள்ளங்கை அகலம், விரல் கனம். அடுக்கு அடுக்காக நிறம். அடியில் கருநீலம், அது ஜூன் மாதப் பள்ளிச் சீருடை. அதற்கு மேல் வெள்ளை. அதற்கு மேல் ஒரு நாடக அரங்கத்துக்கு இவர் தைத்துக் கொடுத்த சிவப்பு வெல்வெட் திரை. ஒரு வருடத்து ஆர்டர் எல்லாம் அதில் இருந்தது.

உள்ளே கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதக் கூடாதுதான். ஆனால் வந்தது. சத்தம் என்னுடையதாக இருக்கலாம், பஞ்சு உங்களுடையது, ஐயா!

ஊதல்காரி விசிறியை ஒரு விரலால் சுற்றாமல் பிடித்துக்கொண்டு ஊதினாள். சும்மா ஊதினால் விசிறி வெறிபிடித்துச் சுற்றிக் கெட்டுப்போகுமாம். மூலைமுடுக்கெல்லாம் மெல்லிய பிரஷ் போட்டாள். ஈரத் துணி கொண்டு வந்தேன், வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நடுவில் இருக்கும் முக்கியமான சில்லின் மேல் காய்ந்துபோன பசையைத் துடைத்துப் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். சூடு எவ்வளவு என்று திரையின் ஓரத்தில் எண் காட்டவும் ஏதோ போட்டுக் கொடுத்தாள். தொண்ணூற்றைந்து டிகிரியில் இருந்திருக்கும், இப்போது ஐம்பத்தொன்பது.

அறையில் ஓர் அமைதி. கொர்ர்ர் இல்லை. இவர் தன் மோட்டாரைப் போட்டார். மெல்லிய முனகல், அவ்வளவுதான். அணைத்தார். மறுபடி போட்டார். என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்தச் சத்தம்?"

நான் திரையில் ஒரு வல்லூறைத் தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆறு மாசம் எண்ணெய் போட்டேன். மெஷின் எண்ணெயில நீந்துது. மூணு சட்டையில கறை."

"பஞ்சு யாருதாம்?" என்றேன்.

ஊதல்காரி பையைக் கட்டிக்கொண்டே, "அக்கா, அண்ணா, சண்டையை அப்புறம் வைங்க. இந்த ரெண்டும் ஒரே ரூம்ல இருந்தா ரெண்டே மாசத்துல திரும்ப இப்படித்தான் ஆகும். ஒண்ணை வேற ரூமுக்கு நகத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இருவரும் சண்டை போடவில்லை.

மார்ச் 12, வியாழன்

"நான் பின் ரூமுக்குப் போறேன்" என்றார் காலையில்.

"போங்க" என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பின் அறையை அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாவது தடவையும் அளந்தார். ஒரு காலரை ஒரே தடவை பார்த்து வெட்டுகிறவர். திரும்பி வந்து, "அங்க வெளிச்சம் பத்தாது" என்று உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 14, சனி

இவர் இருக்கிறாரே!

மதியம் நான் படுத்து எழுந்து வருகிறேன், பெட்டி சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. நிஜச் சட்டை. சாம்பல் நிறக் கோட்டுத் துணி, உள்ளே இரட்டை லைனிங், ஓரமெல்லாம் கருநீலப் பட்டை. பவர் பொத்தானுக்கு நேராக ஒரு காஜா, அதை மூட ஒரு பொத்தான். பக்கத்தில் என் கண்ணாடி வைக்க ஒரு பாக்கெட். வயர் வெளியே வரும் இடத்தில் எலாஸ்டிக். ஒரு நூல் பிசிறு இல்லை.

"இனிமே ஒரு துளி பஞ்சு உள்ள போகாது. யாரும் எங்கயும் போக வேண்டாம்" என்றார். 'யாரும்' என்பதில் மெஷின் மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. "காலர் வைக்கலையா?" என்று கேட்டேன். யோசித்தார்! நிஜமாகவே யோசித்தார்.

மார்ச் 16, திங்கள்

பக்கம் இருநூற்று மூன்று. அணைந்தது. கால் மணி கழித்துப் போட்டேன். அரை மணியில் அணைந்தது. திரும்ப. திரும்ப.

என்னத்தப் பண்றது? இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. பாதிப் புத்தகம் அப்படியே கிடக்கு. அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எழுபது, எண்பது, தொண்ணூறு, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. ஊதல்காரிக்குப் போன் போட்டு வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். என்ன சுத்தம் பண்ணினே, எதைக் கழற்றி எதை மாட்டினே, என்று. "நாளைக்குக் காலைல வந்து பாக்கறேன்கா" என்றாள் பொறுமையாக. அந்தப் பொறுமை இன்னும் எரிச்சலாக இருந்தது.

இவர் என் பக்கமே திரும்பவில்லை. இன்று மெஷினும் ஓட்டவில்லை, கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 17, செவ்வாய்

ஊதல்காரி வந்தாள். வாசலிலேயே நின்றாள். மேசைக்கு அடியில் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணா, ஏற்கெனவே வேர்க்குதுன்னு சொல்றவனுக்குக் கோட்டு மாட்டிட்டீங்களே! அது மூச்சு விட வழி வேணாமா?"

முன்னால் காற்றை இழுத்துப் பின்னால் சூட்டை விடுமாம். நாங்கள் முன்னாலும் மூடி, பின்னாலும் மூடி, இரட்டை லைனிங் வேறு கொடுத்திருக்கிறோம். இவ்வளவு படித்த நானும் பாக்கெட்டில் கண்ணாடியை வைத்துக்கொண்டு ரசித்திருக்கிறேன். பறவைக்குப் பறவை, 'மூச்சுக் காற்று உடல் சூட்டைத் தணிக்கும்' என்று பக்கம் பக்கமாக அமைக்கிறவள். ஊதல்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, இதுக்கு நானே ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றாள்.

இவர் கீழே உட்கார்ந்து பொத்தானை அவிழ்த்து, எலாஸ்டிக்கைத் தளர்த்தி, சட்டையைக் கழற்றி, நான்காக மடித்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. சாப்பிடும்போது, "நல்லதுக்குன்னுதான் செஞ்சேன்" என்றார். "தெரியும்" என்றேன்.

நாள் போய்விட்டது. பதிப்பாளர் அம்மாவிடம் நாளையிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 18, புதன்

ஆபீஸ். குளிர்ந்த அறை, சாய்ந்துகொள்ள நல்ல நாற்காலி, சத்தமே இல்லாத கம்ப்யூட்டர். இருபத்தெட்டுப் பக்கம்!

மார்ச் 20, வெள்ளி

முப்பத்திரண்டு பக்கம். பக்கத்து மேசையில் பிழை திருத்துநர். மூன்று நாளில் அவர் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம், ஃபேனைக் குறைக்கட்டுமா என்று. வேலை ஓடுகிறது. 'இந்த நூல் அந்தத் துணிக்குச் சேருதா பாரு' என்று நடுவில் எழுப்பிவிட ஆளில்லை. திட்டுவதற்கும் ஆளில்லை. பதிப்பாளர் அம்மா வந்து, "பாத்தீங்களா? இங்கயே இருந்திருங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். புத்தகம் முடிந்ததும் பதில் சொல்ல வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்தால், "ஆபீஸ் எப்படி?" என்றார். "அமைதியா இருக்கு." "இங்கயும் அமைதியாத்தான் இருக்கு" என்றார். அமைதியைப் பாராட்டிச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

மார்ச் 21, சனி

ஆபீஸ் விடுமுறை. வீட்டிலேயே கொஞ்சம் பார்க்கலாம் என்று அறைக்குள் போனேன். பாதி அறை காலி. மெஷின் இல்லை, வெட்டும் பலகை இல்லை, நூல்கண்டு மாட்டும் ஆணிகூட இல்லை. தரையில் நாலு ரப்பர் தடம்.

பின் அறையில் மோட்டார் முனகியது. போய் நின்றேன்.

"நீ திரும்பி வர்றதுன்னா இடம் சுத்தமா இருக்கணும்ல" என்றார். "இங்க வெளிச்சமும் பரவாயில்ல."

வந்து உட்கார்ந்தேன். எண் ஐம்பத்தேழு. ஒரு நூல் பறக்கவில்லை, ஒரு சத்தம் இல்லை. ஒரு வருடமாக இதற்குத்தானே சண்டை போட்டேன்? நாள் முழுக்க ஏழு பக்கம். எனக்கு அழுகை வருது, யார் மேல கோபம்னே தெரியல. போகச் சொன்னது நான்தானே? இல்லை, போகிறேன் என்றது அவர். போங்க என்றது நான். என்னத்துக்கு அப்படி 'போங்க'ன்னேன்?

மார்ச் 23, திங்கள்

ஆபீஸ். பக்கம் முந்நூற்று இருபத்தொன்பது.

மார்ச் 25, புதன்

இன்று சீக்கிரம் முடிந்தது. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். கதவு திறந்துதான் இருந்தது. என் அறையில் பேச்சுக் குரல்.

என் நாற்காலியில் இவர். மடி நிறையத் துண்டுத் துணி. ஒவ்வொன்றாக எடுத்து வாயில் வைத்து மூடிக்கொண்டு ஃபூ என்று ஊதுகிறார். எதிரே ஒரு நூலைத் தொங்கவிட்டிருக்கிறார், அது ஆடுகிறதா என்று பார்க்கிறார். மேசையில் போன், ஸ்பீக்கரில் ஊதல்காரி.

"மஸ்லின் வேணாம்மா. ஊதினா முகத்துலயே திரும்பி அடிக்குது. இந்த வலைத் துணி இருக்கு பாரு, சின்னப் பிள்ளைங்க கவுனுக்கு வைக்கிறது. இதுல மூச்சு தாராளமாப் போகுது. மேல பஞ்சைத் தூவினேன், அது அப்படியே நிக்குது, உள்ள வரல."

"அப்ப அதை முன்பக்கம் மட்டும் மாட்டுங்கண்ணா. காத்து இழுக்கற பக்கம். பின்னாடி தொடவே கூடாது. வாரம் ஒரு தடவை கழட்டித் தட்டணும். மாசம் ரெண்டு தடவை உள்ளயும் பிரஷ் போடணும். போட்டா மெஷின் அதே ரூம்லயே இருக்கலாம். அண்ணா, இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? நீங்கதான் பின் ரூமுக்கு மாறிட்டீங்களே?"

இவர் கையிலிருந்த துணியை மடியில் வைத்தார். "மாறிட்டேன்மா. ஆனா பாரு, அங்க உக்காந்தா ஒரு சட்டை தைக்க ரெண்டு சட்டை நேரம் ஆகுது. திட்டறதுக்குக்கூட ஆள் இல்லாம என்ன வேலை ஓடும்?"

நான் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, கால் மணி கழித்து, கேட்டைச் சத்தமாகத் திறந்துகொண்டு வந்தேன். இவர் பின் அறையில் மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தார். என் நாற்காலியில் ஒரு துண்டு வலைத் துணி மறந்து கிடந்தது.

மார்ச் 27, வெள்ளி

இன்று ஆபீஸ் போகவில்லை. காலையில் இவர் தயங்கித் தயங்கி வந்து, "ஒரு யோசனை" என்று வலைச் சட்டத்தைக் காட்டினார். முன்பக்கத்துக்கு மட்டும், நாலு மூலையில் பிரஸ் பட்டன், எடுக்கலாம், மாட்டலாம். இந்தத் தடவை பாக்கெட் இல்லை. முதல் தடவை பார்க்கிற மாதிரி ஆச்சரியப்பட்டேன். நன்றாகவே நடித்தேன் என்று நினைக்கிறேன்.

"சோதனை பண்ணிப் பாக்கலாம்" என்றார்.

"சோதனைன்னா முழுசாப் பண்ணணும். பஞ்சு பறந்தாத்தானே தெரியும்? உங்க மெஷினும் இங்கயே ஓடணும்" என்றேன்.

போகும்போது மூன்று தடவை அளந்தவர், வரும்போது டேப்பையே எடுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் மெஷின் பழைய ரப்பர் தடத்தில் நின்றது. பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து ஒரு ஸ்டூலில் வைத்தோம், தரைப் பஞ்சு ஏறாமல் இருக்க. நாள் முழுக்க அவர் பள்ளிச் சீருடை தைத்தார், நான் பக்கம் அமைத்தேன். அரை மணிக்கு ஒரு தடவை, "எவ்வளவு?" என்பார். "அறுபது." "இப்ப?" "அறுபத்தொண்ணு." "ஏறுதே!" "வெயில் ஏறுதுங்க." மாலை ஆறுக்கு அறுபத்திரண்டு. அதற்கு மேல் போகவில்லை.

நடுவில் தையல்சிட்டுப் பக்கம் வந்தது. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுமே, அது. கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "தையல் சரியில்ல. ஒரு இடைவெளி பெருசு, ஒரு இடைவெளி சிறுசு" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்தாறு பக்கம்.

மார்ச் 31, செவ்வாய்

காலை பதினொன்றரைக்கு நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் வீட்டிலிருந்தே அச்சகத்துக்குப் போயிற்று. ஒரு தடவைகூட அணையவில்லை. அப்பாடா.

ஏப்ரல் 2, வியாழன்

பதிப்பாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று. "இவ்வளவு நல்ல நாற்காலியை விட்டுட்டா?" என்றார். "வீட்டுல ஒரு மோட்டார் முனகும்மா. அது இல்லாம எனக்குப் பக்கம் ஓடல" என்றேன். ஏதோ புரிந்த மாதிரிச் சிரித்தார். அச்சகத்திலிருந்து நல்ல பெயர் வந்திருக்கிறது, அடுத்த நான்கும் எனக்குத்தான். முதலில் பாம்புகள்.

இவரிடம் சொன்னேன். "பாம்பா?" என்று காலைத் தூக்கிக்கொண்டார். "பயப்படாதீங்க. அது சட்டையை அதுவே கழட்டிக்கும், உங்களுக்கு வேலை வைக்காது" என்றேன்.

ஏப்ரல் 11, சனி

இன்று நானே திறந்தேன்! பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒரு தடவை அழுத்தி, என் உடம்பில் இருக்கிற கரன்ட்டும் இறங்கட்டும் என்று இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, இரண்டு ஸ்க்ரூ. மூடியைத் தள்ளியதும், அட, இவ்வளவுதானா உள்ளே என்று இருந்தது. ஆறு வருடம் இதற்கா பயந்தேன்?

தையல் மெஷின் பிரஷ்ஷையே இரவல் வாங்கிக்கொண்டேன். மேலிருந்து கீழாக நான் தட்ட, இவர் விசிறியை விரலால் சுற்றாமல் பிடித்துக்கொண்டார். ஊசி குத்தாமல் விரலில் மாட்டுகிற தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டார். கிடைத்தது நகக்கண் அளவு பஞ்சு, வெளிர் பச்சை. "ஆஸ்பத்திரி ஆர்டர்" என்றார். பிறகு அவர் ஊசித் தட்டைக் கழற்றினார், நான் டார்ச் பிடித்தேன். வலையைக் கழற்றிப் பால்கனியில் தட்டிவிட்டு மாட்டினோம். மகளுக்குப் போட்டோ அனுப்பினேன், ஊதல்காரி எடுத்த, அந்தக் கோட்டுப் போட்ட பெட்டியின் படத்தையும் சேர்த்து. இன்னும் சிரித்து முடிக்கவில்லை போலிருக்கிறது, பதில் இல்லை.

மே 27, புதன்

பாம்புப் புத்தகம், பக்கம் அறுபத்தொன்று. காலையில் பத்தரை மணி இருக்கும். கொர்ர்ர்.

எண்ணைப் பார்த்தேன், ஐம்பத்தாறு. குனிந்து பெட்டியில் காதை வைத்தேன். குளுகுளுவென்று இருந்தது, ஒரு சத்தமில்லை. தலையைத் தூக்கினால், கொர்ர்ர். இவருடைய மோட்டார்தான். இந்தத் தடவை சத்தியமாக அவருடையதேதான். எண்ணெய் போடுவதை விட்டே இரண்டு மாதம் ஆகிறது, எனக்குத் தெரியும். நியாயம் முழுக்க என் பக்கம்.

இவர் காலை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். மெஷினைப் பார்த்தார், அப்புறம் என்னை.

"சத்தமா இருக்கா?"

"என்ன சத்தம்?" என்றேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தைக்க ஆரம்பித்தார். நான் அறுபத்திரண்டாம் பக்கத்துக்குப் போனேன்.